கணினியின் மணிக்கூடு

வீட்டுக் கணினி திடீரென இணையத்தளங்களைத் திறக்க மறுப்பின், நம்மவர் முதலிற் குறை கூறுவது இணைய இணைப்பையே; அடுத்தபடி வைரசை. திரையின் மூலையிலே பிழையான திகதி ஒன்று நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதை நோக்குவார் சிலரே. மாணவரொருவர் இறுதி நாளில் விண்ணப்பம் அனுப்ப முயலும் வேளையில் இது நேரின் இழப்புச் சிறிதன்று. ஆதலின் அம்மணிக்கூடு ஒன்றனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கணினியை நிறுத்தி மின்னைத் துண்டித்த பின்னரும் அதனுள் ஒரு சிறு மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கின்றது. அதிலுள்ள படிகத் துண்டு செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண் இரண்டின் 15 ஆம் அடுக்கு. 15 முறை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். கணிதம் கற்கும் மாணவர் செய்து பார்க்கலாம். இதற்கு வேண்டிய மின்னை நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் தருகின்றது. மேசைக் கணினிகளிற் பெரும்பாலும் சீ.ஆர். 2032 என்னும் வகையே இருக்கும். சில ஆண்டுகளில் அது வலுவிழக்க, மணிக்கூடு பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. அக்கணினியின் கணக்கிலோ சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை! உலாவி கதவை அடைத்துவிடுகின்றது.

பிழையின் அளவே நோயைக் காட்டும். ஆண்டுக் கணக்கிற் பிழைத்தால் மின்கலத்தை ஐயுறுக. சரியாக அரைமணி, ஒருமணி என வேறுபட்டால் நேரவலயத் தெரிவை நோக்குக. நம் நாட்டிலே 1996 மே மாதத்தில் நேரம் ஒருமணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்பிரலிலேதான் பழைய ஐந்தரைக்கு மீண்டோம். அக்காலத்துக் கணினிகளிற் பின்னர் திருத்தம் பெறாதவை இலங்கை நேரத்தை ஆறு மணி முந்தியதென்றே கொள்ளும். விண்டோசுடன் லினக்சையும் ஒரே கணினியில் வைத்திருக்கும் இளைஞர் சிலவேளை சரியாக ஐந்தரை மணி பிந்தக் காண்பர். முன்னது உள்மணிக்கூட்டை உள்ளூர் நேரமாகவும், பின்னது உலகப் பொது நேரமாகவும் வாசிப்பதே காரணம். மின்கலம் குற்றமற்றது; லினக்சை உள்ளூர் நேரங் கொள்ளுமாறு அமைத்தாற் போதும்.

விண்டோசில் திகதி, நேர அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்னும் வலயத்தைத் தெரிந்து, நேரத்தை இணையத்தோடு ஒத்திசைக்கச் செய்க. ஓரிரவு மின்னின்றிக் கிடந்தபின் மீண்டும் பிழைப்பின் மின்கலத்தை மாற்றுதல் வேண்டும். புதுக் கணினியே வாங்குமாறு ஓதும் கடைக்காரரும் உளர், செவிசாய்க்க வேண்டா. மின்வடத்தைக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறந்து, எப்பக்கம் மேலிருந்ததெனக் குறித்துக்கொண்டு, அவ்வாறே புதியதை இடுக. மடிக்கணினிகள் பலவற்றில் அது கம்பியாற் பிணைக்கப்பட்டிருப்பதால் அறிந்தாரிடம் விடுதல் நன்று.

கழற்றிய மின்கலத்தை மேசையிற் போட்டுவிட்டு எழுதல் ஆகாது. வலுவிழந்ததாயினும், குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயிற் சிக்கினால், இரண்டு மணி நேரத்துள்ளேயே தசையை எரித்துவிடும். அங்ஙனம் நேரின் வாந்தியெடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.