எந்த வருஷத்து ஆட்டோ?

கேள்வி: 1975 மாடல் ஒன்று, பின்பக்க எஞ்சினோடு 1985 மாடல் ஒன்று. இரண்டு பழைய பஜாஜ் ஆட்டோக்கள் விலைக்கு வருகின்றன. எதை வாங்கலாம்? – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பின்பக்க எஞ்சின் ஆட்டோவை பஜாஜ் 1977-ல்தான் கொண்டுவந்தது. ஆகவே 1975 வண்டிக்கு எஞ்சின் முன்னால்தான் இருக்கும். அபூர்வம்தான், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். தினமும் ஓட்ட 1985-ஐ எடுங்கள்.

நம் கடற்கரையில் வருஷத்தைவிட உப்புக்காற்றுதான் முக்கியம். தங்கச்சிமடம் இருக்கும் தீவிலேயே நின்ற வண்டியைவிட, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடிப் பக்கம் ஓடியது மேல். மிதியடியைத் தூக்கி, தரைத்தகட்டைத் தட்டிப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வயது தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்குத்தான். ஆட்டோவை விட்டுவிட்டார்கள்; எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் ஆர்.சி. புதுப்பிக்காத வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.