உவர்நீரும் உலோகங் காணுங் கருவியும்

1881ஆம் ஆண்டிலே, சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க சனாதிபதி கார்பீல்டின் உடலிலுள்ள குண்டைத் தேடுதற்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் ஒரு மின்கருவியை ஆக்கினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உருக்குக் கம்பிகள் கருவியைக் குழப்பியமை அதற்கொரு காரணமென்பர். தேடும் பொருளோடு அயற்பொருளும் ஒலித்தால் கருவி பயன்படாது. ஆழமற்ற கடலிலே தவறிய நகையைத் தேடுவார்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது.

கருவியின் சுருளிலோடும் மாறும் மின்னோட்டம் மாறுங் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அப்புலம் அருகிலுள்ள உலோகத்திற் சுழியோட்டங்களைத் தூண்டும். அவற்றின் எதிர்விளைவே நமக்கு ஒலியாய்க் கேட்கின்றது. பரடே 1831இற் கண்ட தூண்டல் விதி இதுவே. கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆதலின் அதுவும் மின்னைக் கடத்தும், அதிலுஞ் சுழியோட்டம் எழும். அலை ஏறியிறங்குந்தோறும் சுருளருகே நீரின் அளவு மாறுதலாற் கருவி ஓயாது ஒலிக்கும்.

இவ்விரைச்சல் வேறு, மின்கம்பி, கைத்தொலைபேசி, பிறர் கருவி என்பவற்றால் வரும் இரைச்சல் வேறு. இரண்டையும் பிரித்தறியாது பரிகாரந் தேடுதல் நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும். சுருளை நீருக்கு மேலே அசையாது பிடித்துப் பார்ப்போமாக. இரைச்சல் நீடித்தால் அது புறத்தேயிருந்து வருவது; ஓய்ந்து, நீரில் வீசும்போது மீண்டால் அது உப்பின் செயல்.

கடல்நீர் புற இரைச்சலை மறைக்காதோ எனிற் கூறுதும். செக்கனுக்கு 10,000 சுற்றுடைய அலை, கடல்நீரில் ஏறத்தாழ 2½ மீற்றர் சென்ற பின்னரே மூன்றிலொரு பங்களவாகக் குறையும். முழங்காலளவு நீர் அதற்குக் காவலாகாது.

புற இரைச்சலுக்குக் கருவியின் மீடிறனைச் சிறிது மாற்றுதல், பிற கருவிகளிலிருந்து விலகி நிற்றல், கைத்தொலைபேசியை அணைத்தல் என்பன பரிகாரம். உப்பிரைச்சலுக்குக் கருவியை நீரில் வைத்தே சமநிலைப்படுத்துக. சுருளை முற்றும் அமிழ்த்தி, மணலுக்கு மேல் ஒரே உயரத்தில் மெல்ல வீசுக. சிறிய சுருளும், பன்மீடிறன் கருவியும் உதவும். துடிப்புமுறைக் கருவியோ, நீரின் ஓட்டம் விரைந்தடங்கும்வரை பொறுத்துப் பின்னரே கேட்கும்.

எனினும் ஒன்றை மறவற்க. நுண்ணிய பொற்சங்கிலியில் எழும் ஓட்டமும் நீரினதைப் போலவே விரைந்தடங்கும். உப்பை முற்றாக வாய்மூடச் செய்தால், தேடிவந்த சங்கிலியும் உடன் மௌனமாகும். ஆகவே உணர்திறனைக் குறைத்தலை முதற்படியாகக் கொள்ளாது, ஏனைய வழிகளெல்லாம் முடிந்தபின், வேண்டிய அளவிற்கே செய்தல் தகும். முழு அமைதியன்று, சிறு ஒலியைப் பிரித்தறியத்தக்க அமைதியே நாம் வேண்டுவது.