இனிஷியலைப் பார்த்து ஏறுங்கள்

மதுரையில் பஸ் ஏறி "கல்லுப்பட்டி ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் நிமிர்ந்து பார்ப்பார். "டி-யா, எம்-மா?" டி. கல்லுப்பட்டி திருமங்கலத்தைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் இருக்கிறது. எம். கல்லுப்பட்டி எழுமலை, உசிலம்பட்டிப் பக்கம். ஜி. கல்லுப்பட்டிக்குத் தேனி மாவட்டத்துக்கே போக வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்றுதான். முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துதான் ஆளை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

டி. கல்லுப்பட்டியில் எனக்குப் பழக்கமான மரப்பட்டறை ஒன்று உண்டு. அங்கே போன மாதம் ஒரு பழைய டேபிள் சா வந்து இறங்கியிருந்தது. மேசைக்கு நடுவே பிளேடு எழும்பி நிற்கும் ரம்ப மெஷின். கைமாறி வந்த சரக்கு. முன்பக்கம் ஒட்டியிருந்த ஆரஞ்சு ஸ்டிக்கரின் ஓரம் உரிந்திருந்தது. அடியில் இன்னொரு கம்பெனிப் பெயர் தெரிந்தது. ஆசாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "இதுல எதுண்ணே நெசப் பேரு?" என்று கேட்டார். இரண்டும் இல்லாமல் இருக்கலாம் என்றேன். அன்று இரண்டு டீ ஆறிப்போகும்வரை பேசினோம். இந்த மெஷினைப் பற்றி அவர் நம்பியதும், நானும் ஒரு காலத்தில் நம்பியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"மேல எவன் பேரு இருக்கோ, அவன்தானே செஞ்சிருப்பான்?"

இல்லை. ஒட்டியிருக்கும் பெயர் பல நேரம் விற்றவருடையது, செய்தவருடையது அல்ல. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1927 முதல் 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பெயரில் கருவிகளை விற்றது. அந்தப் பெயரில் வந்த ரம்பங்களை வேறு வேறு கம்பெனிகள் செய்து கொடுத்தன. செய்தது யார் என்ற ரகசியம் மாடல் எண்ணிலேயே இருந்தது. புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கங்கள் 113 என்றால் எமர்சன் எலெக்ட்ரிக். 103 என்றால் கிங்-சீலி. நம் ஊர் இனிஷியல் மாதிரிதான்.

அந்த மூன்று இலக்கத்தைப் படிக்கத் தெரிந்திருப்பதால் என்ன பயன்? 2000-ஆம் ஆண்டில் எமர்சன் கம்பெனி, 1958 முதல் 1992 வரை விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ரம்பங்களில் ஒரு வகையைத் திரும்ப அழைத்தது. மேலே நீட்டிய கையிலிருந்து பிளேடு தொங்கும் வகை அது. பிளேடை முழுக்க மூடும் புதிய கவசத்தை இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். சுமார் 37 லட்சம் ரம்பங்கள். உங்களுடையது அதில் சேருமா என்று பார்க்க ஸ்டிக்கரின் நிறம் உதவாது, 113-தான் உதவும்.

நம் கடைத்தெருவில் இத்தனை வசதியான எண் கிடையாது. சீனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வரும் ஒரே மெஷின் இங்கே நான்கைந்து பெயர்களில் நிற்பதைப் பார்க்கிறோம். அதற்கும் ஒரு வழி உண்டு. அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருந்தால் போதும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பொதிந்து விற்கும் பொருளில் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். 'இறக்குமதி செய்தவர்' என்ற வரிக்குப் பக்கத்தில் இருப்பவர் மெஷினைச் செய்தவர் அல்ல. ஸ்பேர் கேட்க முதலில் போன் போட வேண்டிய ஆள் அவர்தான்.

பெட்டி போய்விட்டதா? மெஷினைச் சாய்த்து மேசையின் அடிப்பக்கம் டார்ச் அடியுங்கள். வார்ப்பில் பதிந்த எண்கள் இருக்கும். அவற்றை ஸ்டிக்கர் மாற்றுகிறவர்கள் யாரும் சுரண்டுவதில்லை. இன்னொரு கைரேகை, மெஷினைப் பிரித்துப் போட்ட மாதிரி வரைந்திருக்கும் பாகப்படம். வேறு வேறு பெயரில் உள்ள இரண்டு மெஷின்களின் பாகப்படங்களில் வரிசை எண் முதல் ஸ்குரூ வரை ஒன்றாக இருந்தால் தாய் ஒன்று என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

இந்த ஊருக்கு 'யார் செய்தது' என்ற கேள்வி புதிதல்ல. காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் இங்கு வந்து தங்கினார். பொருளை வாங்குகிறவனுக்கு, அது எப்படி, யார் கையால் ஆனது என்பதிலும் பங்கு உண்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அவர் பேசியது தர்மம். எனக்கு வேண்டியது ஒரு பிளேடு.

"பேரு மாறிருச்சுன்னா கம்பெனிய மூடிட்டான்னு அர்த்தம்."

பட்டறைகளில் ஹிட்டாச்சி மெஷின் வைத்திருந்தவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் பதறினார்கள். நடந்தது வேறு. ஹிட்டாச்சி கோக்கி கம்பெனி 2017-இல் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-இல் கம்பெனியின் பெயர் கோக்கி ஹோல்டிங்ஸ் ஆயிற்று. கருவிகளின் பெயர் ஹைகோக்கி ஆயிற்று. வட அமெரிக்காவில் அதே சரக்குக்கு மெட்டாபோ எச்.பி.டி. என்று பெயர். சி10ஆர்ஜே என்ற டேபிள் சா அங்கே பழைய பெயரிலும் வந்தது, புதிய பெயரிலும் வந்தது. ஆகவே கடையில் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

"ஒரே அச்சு, கலர்தான் வேற. அதோடது இதுக்கும் சேரும்."

பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. ஒரே தொழிற்சாலை, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அவர் கேட்டபடி மாற்றித் தரும். ஒருவருக்கு ஷாஃப்ட் 30 மில்லிமீட்டர் பிளேடுக்கு, இன்னொருவருக்கு 25.4, அமெரிக்காவுக்குப் போகிறதென்றால் 15.875, அதாவது ஐந்தெட்டாம் இன்ச். சுவிட்ச், கவசம், கைடு ஓடும் தண்டவாளம் எல்லாமே மாறும். மேசையில் உள்ள காடியும் அப்படித்தான். கோணம் வைத்துத் தள்ளும் கைடு ஓடுவதற்கான காடி அமெரிக்க வழக்கில் முக்கால் இன்ச் அகலம், மூன்றெட்டாம் இன்ச் ஆழம். தனியாக விற்கும் கைடுகள் பெரும்பாலும் இந்த அளவை நம்பிச் செய்தவை. சிறிய மெஷின்கள் பலவற்றில் காடி இதைவிடக் குறுகல். படத்தைப் பார்த்து வாங்கிய கைடு உள்ளேயே இறங்காது.

மோட்டாரும் சேர்த்தி. அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய மெஷினுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்பார்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்றால் சரி. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் கதை வேறு. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வோல்டேஜைக் குறைத்தாலும் நிமிடத்துக்கு 3450 சுற்று ஓடியது 2875-க்கு இறங்கும்; சூடும் ஏறும்.

"பத்து இன்ச்சுன்னா பத்து இன்ச்சுதானே."

இதில் நானே மாட்டியிருக்கிறேன். பத்து இன்ச் என்பது பிளேடின் வெளிவட்டம் மட்டும், 254 அல்லது 255 மில்லிமீட்டர். பொருந்துமா என்பதை முடிவு செய்வது நடு ஓட்டை. என் மெஷினின் ஷாஃப்ட் 25.4. கடையில் இருந்தது 30 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள பிளேடு. "ரிங் போட்டா சரியாயிரும் சார்" என்று ஒரு இரும்பு வளையத்தைக் கையில் வைத்துவிட்டார் கடைக்காரர். வளையம் ஓட்டைக்குள் நன்றாகத்தான் உட்கார்ந்தது. நட்டை முறுக்கி வேப்பம்பலகையைத் தள்ளினேன். பிளேடு நின்றது, ஷாஃப்ட் மட்டும் ஓடியது. வளையம் பிளேடைவிட மயிரிழை தடிப்பு. இரண்டு பக்கமும் இறுக்க வேண்டிய வாஷர்கள் பிளேடைப் பிடிக்காமல் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. வளையம் பிளேடைவிடச் சற்று மெலிதாக இருக்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது. விரல் தப்பியது அதிர்ஷ்டம்.

இதற்கும் மோசமான யோசனை, ஓட்டை சிறிதாக இருந்தால் லேத்தில் கொடுத்துப் பெரிதாக்குவது. அதையும் அருமையாகச் செய்து தருவார்கள். ஆனால் மையம் இம்மி விலகினாலும் பிளேடு ஒரு பக்கமாக வெட்டும், பல்முனையின் கார்பைடு தெறிக்கும். பத்து இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்று ஓடும்போது பல்முனை நொடிக்கு 64 மீட்டர் போகிறது. மணிக்கு 230 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தெறிக்கும் துணுக்கை யாரும் பார்த்து விலக முடியாது.

அதனால்தான் பிளேடின் முகத்தில் அச்சடித்திருக்கும் உச்ச சுற்று எண்ணைப் படிக்கச் சொல்கிறேன். மெஷினின் சுற்றைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

"பின்னாடி நிக்கிற தகடு இடைஞ்சல். கழட்டிப் போட்டுரு."

நான் பார்த்த பட்டறைகளில் பாதியில் அந்தத் தகடு ஜன்னல் திண்டில் கிடக்கிறது. பிளேடுக்குப் பின்னால் அதன் வளைவை ஒட்டி நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு அது. மரம் அறுபட்ட பிறகு உள்ளே இருக்கும் இழுவையால் இரண்டு துண்டும் சில நேரம் ஒன்றையொன்று நெருக்கி மூடும். மூடினால் பிளேடின் பின்பல் மரத்தைக் கவ்வித் தூக்கி, தள்ளுகிறவர் வயிற்றை நோக்கி எறியும். "மெசின் ஒதைக்குது" என்பது இதைத்தான். அந்த நெருக்கத்தைத் தடுப்பதுதான் தகட்டின் முக்கிய வேலை.

பெயர் மாறிய மெஷினில் இது தொலைந்திருந்தால் வேறொன்றை வாங்கி மாட்டலாமா என்பதுதான் ஆசாரியின் கேள்வி. மாட்டலாம், கணக்குப் பார்த்து. தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிப்பாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். உடம்பு 2.2, பல் 3.2 மில்லிமீட்டர் என்றால் 2.5 தகடு சரி. அதே மெஷினில் கரண்ட் மிச்சம், மரம் மிச்சம் என்று 2.4 பல் உள்ள மெலிந்த பிளேடைப் போட்டால், 2.5 தகட்டில் மரம் முட்டி நிற்கும். அப்போதுதான் "தகடு இடைஞ்சல்" என்று கழற்றுகிறோம். குற்றம் தகட்டில் இல்லை, ஜோடியில். பற்களுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி 8 மில்லிமீட்டரைத் தாண்டவும் கூடாது.

"பேரு தெரியாத மெசினுக்கு ஸ்பேர் கெடைக்காது."

பாதிக்குப் பெயரே வேண்டாம். பேரிங்கில் எழுதியிருக்கும் எண் உலகம் முழுக்க ஒன்று. 6202 என்றால் உள்வட்டம் 15, வெளிவட்டம் 35, தடிப்பு 11 மில்லிமீட்டர். 6203 என்றால் 17, 40, 12. 6204 முதல் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்வட்டம் வந்துவிடும். வி-பெல்ட்டில் எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர். கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால் அளந்து எடுத்துத் தருவார்கள். கெப்பாசிட்டரில் மைக்ரோஃபாரட் எழுதியிருக்கும். கியர், பிளேடைத் தூக்கி இறக்கும் கைப்பிடிச் சுருள், பிளேடுக் கவசம், இந்த மூன்றுக்குத்தான் உண்மையான தாய்வீட்டைத் தேட வேண்டும்.

அன்று சாயங்காலம் மெஷினைச் சாய்த்தோம். ஆரஞ்சு ஸ்டிக்கருக்கும் அடியில் இருந்த ஸ்டிக்கருக்கும் சம்பந்தமில்லாத வார்ப்பு எண் ஒன்று கிடைத்தது, அதைக் குறித்துக்கொண்டேன். வெர்னியரில் ஷாஃப்ட், காடி, தகடு மூன்றையும் அளந்தோம். பேரிங் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தோம். ஆசாரி இரண்டு ஸ்டிக்கரையும் உரித்துப் போட்டார். கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை எடுத்து, பெயர் இருந்த இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: ஷாஃப்ட் 30. தகடு 2.5. சுத்து 4500. பேரிங் 6202. காடி மட்டும் இன்னொரு தடவை அளந்துவிட்டு எழுதலாம் என்று பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டார்.