வழிகாட்டி ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

அயோவாவில் ஒரு கிராமப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேரப்போகிறீர்கள், பள்ளி முழுக்க வெள்ளையர்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் அந்த மாநிலத்தில் அப்படியொரு ஊரில்தான் பயிற்சி முடித்தேன். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், பனியில் கார் சிக்கினால் டிராக்டரோடு வந்து நிற்பார்கள். சங்கடம் வேறு வழியாக வரும்.

புவியியல் வகுப்பில் இந்தியா வந்தது. புத்தகத்தில் காசிப் படித்துறைப் படம். பிள்ளைகள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இதை நீங்களே நடத்துங்கள்" என்று வழிகாட்டி ஆசிரியர் மார்க்கரை நீட்டினார். நான் காசிப் பக்கமே போனதில்லை! அவர் பிரியத்தோடுதான் சொன்னார். ஆனால் பெற்றோர் சந்திப்பில், நான் திருத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டே மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அவரிடம்தான் கேட்டார்கள். இந்தியா என்றால் நான், மதிப்பெண் என்றால் அவர்.

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வெள்ளையர். அதனால், "இந்தப் பிள்ளைகளின் கண்ணைத் திறக்க வந்தவர் நீங்கள்" என்று யாராவது தட்டிக்கொடுப்பார்கள். அந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அதே அயோவாவில் ரைஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அங்கே ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து மேல், கீழ் என்று பிரித்து, பிறகு மாற்றிப்போட்டு, பாகுபாடு எப்படி உறைக்கும் என்று உணரவைத்தார். அவர் வெள்ளையர், அந்த வட்டாரத்துப் பண்ணையில் பிறந்தவர். அப்படியிருந்தும் சக ஆசிரியர்கள் பலர் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மண்ணின் மகளுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பருவம் மட்டும், அதுவும் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வந்துபோகிறவரிடம் ஊரைத் திருத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே முதல் வாரத்திலேயே வழிகாட்டி ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: "என் நிறத்தைப் பற்றியோ பிறப்பைப் பற்றியோ வகுப்பில் யாராவது தப்பாகப் பேசினால், அந்த இடத்தில் பேசப்போவது நீங்களா, நானா?" நீங்கள் பேசினால் சொந்தக் கோபம் என்பார்கள், அவர் பேசினால் அது பள்ளியின் விதி. உங்கள் மதிப்பீட்டில் அவர் சொல்லுக்குக் கனம் அதிகம் என்பதால் சம்பவம் நடந்த பிறகு கேட்க வாய் வராது. முன்கூட்டிக் கேட்டால் சாதாரண ஏற்பாடாகவே தோன்றும். அவர் சொன்ன பதிலை அன்றைக்கே பல்கலைக்கழக மேற்பார்வையாளருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, அக்டோபரில் மக்காச்சோளம், சோயா அறுவடை. பண்ணை வீட்டுப் பையன்கள் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். அந்த வாரங்களில் பெரிய தேர்வு வைக்காதீர்கள். மக்காச்சோளம் விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்காத பையனும் பேசுவான். எனக்கு அங்கே சதவீதக் கணக்கு நடத்த அதுதான் கைகொடுத்தது.

வழிகாட்டி ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். மழுப்பினார் என்றாலும் எழுதுங்கள், அடுத்து யாரிடம் போவது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய பயிற்சி ஆசிரியை