டொயோட்டா 86 வாங்கியவரே, முதல் காசை எதில் போடப்போகிறீர்கள்?

86 வாங்கிய கையோடு எல்லாருக்கும் வரும் ஆசை ஒன்றுதான். காரைக் கீழே இறக்கவேண்டும், எக்ஸோஸ்ட் சத்தத்தை மாற்றவேண்டும், பெரிய ரிம் போடவேண்டும். நான் இந்த வரிசையை ஏற்கவில்லை. முதல் காசு தரையைத் தொடும் பொருளுக்கும் காரை நிறுத்தும் பொருளுக்கும் போகவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இப்படிச் சொன்னதற்காக நண்பர்கள் என்னைக் கஞ்சன் என்றார்கள். செப்பாங் ட்ராக்கில் அவர்கள் பிட்டில் பானெட்டைத் திறந்துவைத்து நின்ற மதிய வேளையில் என் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

டயரிலிருந்து தொடங்குங்கள். 2012இல் வந்த முதல் தலைமுறை 86க்கு டொயோட்டா போட்டுக்கொடுத்தது 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி. பிரியஸ் காருக்குப் போட்ட அதே ரகம். கம்பெனி மிச்சம் பிடிக்கப் பார்த்தது என்று பலர் திட்டுகிறார்கள். அது வேண்டுமென்றே செய்த தேர்வு: பிடிப்பு குறைந்த டயரில் சாதாரண வேகத்திலேயே கார் எப்படி வழுக்குகிறது, எப்படித் திரும்பிப் பிடிக்கிறது என்பது ஓட்டுபவருக்குப் புரியும். ஆனால் நம் ஊரில் மாலை நாலு மணிக்குக் கொட்டும் மழையில், கெசாஸ் நெடுஞ்சாலையில், அந்தப் பாடம் யாருக்கும் வேண்டாம். அதே 215 அளவிலேயே, அல்லது மிஞ்சிப்போனால் 225இல், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் நல்ல டயர் போடுங்கள். 245க்குத் தாவாதீர்கள். 200 குதிரைத்திறன் உள்ள காருக்கு அவ்வளவு அகலம் சுமைதான். ஸ்டியரிங்கில் வரும் உயிரும் போய்விடும்.

அடுத்தது பிரேக். செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பின்பக்க நேர்பாதையின் முடிவில் 15ஆம் வளைவு கொண்டை ஊசிபோல் மடங்கும். அதற்குமுன் 170ஐத் தாண்டிய வேகத்தை இறக்கவேண்டும். அது முடிந்து பிரதான நேர்பாதை. அதன் முடிவில் மறுபடி முதல் வளைவுக்கு முழு பிரேக். இந்த இரண்டு அடிகளுக்கும் நடுவில் பிரேக் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும். காலை அழுத்த அழுத்த பெடல் பஞ்சாக இறங்கும், கார் நிற்காது. நல்ல டாட் 4 எண்ணெயும், சூடு தாங்கும் முன்பக்க பேடும் மாற்ற ஆகும் செலவு, ஒரு எக்ஸோஸ்ட் விலையில் சிறு பங்குதான். பெரிய பிரேக் கிட் இப்போது தேவையே இல்லை.

அலைன்மெண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்சக்கர கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, கம்பெனியிலிருந்து ஏறக்குறைய பூஜ்யத்தில் வரும். அதனால் டயரின் வெளிவிளிம்பு சீக்கிரம் தேயும். கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரிக்குச் சற்றுமேல் நெகட்டிவ் வையுங்கள். போதும்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

கிள்ளானில் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். புது டயரோடு எடை குறைந்த ரிம் மாட்டக் கொடுத்தேன். ரிம்முக்கு ஏற்ற நட்டு பட்டறையே போடுவதாகப் பேச்சு. மாட்டும்போதே கேட்டேன், "இந்த நட்டு இதுக்குச் சரிதானா?" என்று. பதில் உடனே வந்தது: "டொயோட்டாதானேண்ணே! எல்லாத்துக்கும் ஒரே நட்டுதான். எத்தனை கேம்ரிக்கு மாட்டியிருக்கேன்!"

இந்தக் காரின் என்ஜினும் அடித்தளமும் சுபாருவோடு சேர்ந்து உருவானவை. ஹப்பும் சுபாரு வழக்கப்படிதான். வழக்கமான டொயோட்டா நட்டு 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5. 86இல் இடைவெளி 1.25. ரிம் நடுத்துளையும் அப்படித்தான்: 86க்கு 56.1 மில்லிமீட்டர் வேண்டும், அதே ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம் கொண்ட மற்ற டொயோட்டாக்களின் ரிம் 54.1. தவறான நட்டு ஓரிரு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். அங்கே நிறுத்தியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. பட்டறைக்காரர் காற்றுத் துப்பாக்கியை வைத்து அடித்தார். "டர்ர்" என்று ஏறியது. நல்லா இறுகிவிட்டது என்றார்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பானைத் தாண்டியதும் முன் இடப்பக்கம் டக் டக் என்று தட்டல், ஸ்டியரிங்கில் நடுக்கம். ஓய்வுத்தளத்தில் ஒதுக்கி நட்டில் ஸ்பேனரைப் போட்டால் நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கழற்றியபோது அதன் உள்ளிருந்து மெல்லிய இரும்புச் சுருள் உள்ளங்கையில் விழுந்தது. ஸ்டட்டின் மரை பாதி உயரத்துக்கு மழுங்கிக் கிடந்தது. இழுவை லாரி வந்துதான் கார் வீடு சேர்ந்தது.

பட்டறைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ட்ராக்ல அடிச்சு ஓட்டினா இப்படித்தான் ஆகும்ணே." அந்த ரிம்மோடு கார் ட்ராக் பக்கமே போகவில்லை. வேறு பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் ஸ்டட் மாற்றினேன். ஸ்டட் ஹப்பில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். சுத்தியலால் அடித்தால் பேரிங் போகும், ஆகவே நிதானமாக எடுக்கவேண்டும். ஒரு பக்கம் ஹப்பையே மாற்றவேண்டி வந்தது. இந்தக் காரில் நான் செய்த செலவுகளில் இன்றுவரை மனம் ஆறாதது இது ஒன்றுதான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: டார்க் ரென்ச் ஒன்று வாங்குங்கள். சக்கர நட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். ரிம் மாட்டிச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

சத்தப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த என்ஜினில் 4,000 சுற்றை ஒட்டி இழுவை சற்றுத் தொய்யும். 205 நியூட்டன் மீட்டர் முழு இழுவை 6,400க்கு மேல்தான் வரும். அந்தத் தொய்வைக் குறைப்பது ஹெடரும் அதோடு செய்யும் ஈசியு டியூனும். பின்பக்க எக்ஸோஸ்ட்டை மட்டும் மாற்றினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும், கார் வேகமாகாது. என் நண்பர்கள் அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டினார்கள். என்ஜின், நிறம் போன்றவற்றை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு செய்யுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள், மறைத்தால் விபத்து நாளில் கைவிரிப்பார்.

ஆக, என் வரிசை: டயர், பிரேக் எண்ணெயும் பேடும், அலைன்மெண்ட். அதன்பிறகு ட்ராக்கில் ஓட்டிப் பழகுவதற்குக் கட்டணம். சக்தி கூட்டுவது கடைசி. அதுவரை பட்டறையில் எந்தப் புது நட்டு வந்தாலும் முதல் ஐந்தாறு சுற்றை உங்கள் விரலாலேயே திருகிப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் பட்டறையிடம் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.