கிழித்தால் போதுமா?

அக்குளிலோ தொடை இடுக்கிலோ மாதத்துக்கொரு கட்டி கிளம்பினால் நம் ஊரில் அதற்கு உடனே கிடைக்கும் பெயர் சூட்டுக்கட்டி. இளநீர், எண்ணெய்க் குளியல், மஞ்சள் பற்று என்று வீட்டு வைத்தியம் ஓடும். பழுத்துவிட்டால் கிழித்துச் சீழை எடுத்துவிடுவார்கள். வலி அப்போதே பாதி இறங்கிவிடும். அந்த நிம்மதியை நம்பித்தான் அடுத்த முறையும் கிழிக்கவே போகிறோம். ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவா என்னும் இந்த நோயோடு நெடுநாள் வாழ்ந்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், மறுபடி கிழிப்பதற்குச் சம்மதிக்கும் முன் அடியில் சுரங்கம் ஓடியிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

1854-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெர்னே இதை வியர்வைச் சுரப்பியின் நோய் என்று கருதினார். பெயரில் அந்தக் கருத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கோளாறு தொடங்குவது மயிர்க்காலில். அதன் வாய் அடைபட்டு, உள்ளே உப்பி, தோலுக்கடியிலேயே வெடிக்கிறது. அழற்சி அடங்காமல் தொடரும்போது அங்கே ஒரு சுரங்கம் உருவாகிறது. அதன் உட்சுவரில் மேல்தோலைப் போன்ற படலம் படர்ந்துவிடும். படலம் போர்த்திய இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அதனால் சீழை வெளியேற்றினாலும் குழி மூடாது; சில வாரங்களில் மறுபடி நிரம்பும். கிழிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாமல் விண்விண் என்று தெறிக்கும் கட்டிக்கு அது முதலுதவி. அதையே சிகிச்சை என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆண்டுகள் போகின்றன. நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கவே சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்கிறது பல நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு.

சுரங்கத்துக்கு ஏற்ற அறுவை 'டீரூஃபிங்', அதாவது கூரையை எடுப்பது. மரத்துப்போகும் ஊசி போட்டபின், முனை மழுங்கிய மெல்லிய கம்பியை ஒரு வாய்க்குள் மெதுவாக நுழைக்கிறார்கள். அது போகும் போக்கிலேயே சுரங்கத்தின் நீளமும் கிளைகளும் தெரிந்துவிடும். சில நேரம் இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு வாய் வழியே கம்பி எட்டிப்பார்க்கும். கம்பிக்கு மேலிருக்கும் தோலை முழுக்க வெட்டி நீக்கி, உள்ளே கூழ்போல் கிடக்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தையல் கிடையாது. 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 44 பேருக்கு 88 இடங்களில் இப்படிச் செய்ததில் 17 சதவீத இடங்களில் மட்டுமே நோய் திரும்பியது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கணக்கு அவ்வளவு தாராளமானதல்ல: கூரை நீக்கத்துக்குப்பின் 27 சதவீதம், அகலமாக வெட்டி எடுத்தால் 13. இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. சுரங்கங்கள் ஒன்றோடொன்று பின்னி அக்குள் முழுதும் பரவிய மூன்றாம் நிலையில் அகல வெட்டு தேவைப்படலாம். ஆனால் ஒன்றிரண்டு சுரங்கங்களுக்கு, நல்ல தோலை விட்டுவைக்கும் சின்ன அறுவையிலிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் கருத்து.

திறந்த புண்ணைத் தைக்காமல் விடுவதா என்று வீட்டில் பதறுவார்கள். புண் அடியிலிருந்து மேலே தானாகச் சதை வளர்ந்து ஆறும். வாரக்கணக்கில் ஆகும், பெரிய வெட்டென்றால் மாதங்களும் ஆகும். தினமும் கட்டு மாற்ற வேண்டும், அக்குளானால் தழும்பு இறுகிப்போகாமல் கையைத் தூக்கிப் பழக வேண்டும். யார் கட்டுப் போட்டுவிடுவார்கள், எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புதிய ஊசிகள் வந்துவிட்ட பிறகு கத்தி எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. அவற்றில் ஒன்றான அடாலிமுமாப் 2015-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. பலருக்கு அழற்சியைத் தணிக்கிறது. ஆனால் படலம் போர்த்திப் பழகிய சுரங்கத்தை அது அநேகமாகக் கரைப்பதில்லை. ஊசி புதிய கட்டிகளைக் குறைக்கட்டும், கத்தி பழைய சுரங்கத்தை அகற்றட்டும். 206 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான பரிசோதனையில், அறுவைச் சமயத்திலும் ஊசியைத் தொடர்ந்தவர்களுக்குத் தொற்று கூடவில்லை. ஆகவே ஊசியை நாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரையும் அறுவை மருத்துவரையும் கலந்து பேசவைப்பது நல்லது. புகை பிடிப்பவர்கள் அதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெட்கத்தால் ஒரு கட்டியை மட்டும் காட்டிவிட்டு இடுக்கில் இருப்பதைச் சொல்லாமல் திரும்புகிறவர்கள் நிறைய. எல்லா இடத்தையும் காட்டுங்கள். வீங்கியிருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். அறுவை நாளில் வீக்கம் வற்றியிருந்தால், மயக்கமோ ஊசியோ கொடுக்கும் முன், எங்கெங்கே கசிகிறது என்று நீங்களே தொட்டுக் காட்டி, பேனாவால் தோலிலேயே குறிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்; கண்ணுக்குத் தெரியாத வாய் எங்கே என்று நம் விரலுக்குத்தான் தெரியும்.