வாசலுக்கு வெளியே

வேதபாடம்: உபாகமம் 24:10–13, ரூத் 2:15–17



ஏழைகளுக்கு உதவவேண்டும் என்று போதிக்கும் வசனங்கள் நமக்கு மனப்பாடம். எப்படி உதவவேண்டும் என்று போதிக்கும் பகுதிகளை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. உபாகமம் 24ஆம் அதிகாரம் அப்படிப்பட்டது.

கடன் கொடுக்கிறவன் அடகு வாங்கலாம். ஆனால் அதை எடுப்பதற்குக் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவன் வெளியே நிற்கவேண்டும். வீட்டுக்காரனே அடகை வெளியே கொண்டுவருவான். ஏன் இந்தக் கட்டளை? உள்ளே போகிறவன் காலிப் பானையையும் கிழிந்த பாயையும் பார்ப்பான். எதை எடுப்பது என்று அவனே தீர்மானிப்பான். மனைவி பிள்ளைகளின் கண்முன் ஒரு தகப்பன் தலைகுனிவான். பணம் கொடுத்தவனானாலும் அந்த வாசற்படியைத் தாண்ட உரிமையில்லை என்கிறார் கர்த்தர். ஏழை அடகு வைத்தது போர்வையானால், சூரியன் அஸ்தமிக்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திரிகைக் கல்லையோ அடகாக வாங்கவே கூடாது (வசனம் 6). அன்றாட ஆகாரம் அதில் அரைபடுகிறது அல்லவா?

இனி போவாசைப் பாருங்கள். வசதியுள்ளவன். அன்றைக்கே ஒரு மூட்டை வாற்கோதுமையை நகோமியின் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவனோ, அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடும்படியும், பொறுக்குகிற ரூத்தை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரருக்குச் சொன்னான். சாயங்காலமட்டும் பொறுக்கி, தட்டி அடித்து, ஏறக்குறைய ஒரு மரக்கால் தானியத்தோடு அவள் மாமியாரிடம் போனாள். அது அவள் கைப்பாடு.

மருத்துவமனை ஊழியத்தில் இந்தப் பாடம் தினந்தோறும் வருகிறது. கட்டணச் சலுகை கேட்கிறவரிடம் வேலை என்ன, வருமானம் என்ன என்று விசாரிக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் காணிக்கை தேவையற்றவர் கைக்குப் போய்விடும். ஆனால் எங்கே விசாரிப்பது? பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, கவுண்டரில் “நீ” என்று விளித்தா? தனி அறையில், நாற்காலி போட்டு, “நீங்கள்” என்று கேட்டாலும் அதே விவரங்கள் கிடைக்கும். “ஐயா, 200 ரூபாயாவது கட்டிவிடுகிறேன்” என்பார் சிலர். பெருந்தன்மை காட்டுவதாக எண்ணி அதை மறுக்கக்கூடாது. வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கவேண்டும்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையினால் நிமிர்த்தினார். கை சீரானபின் புதிய துன்பம் ஒன்று எழுந்தது. பிச்சை குறைந்தது, வேலை கொடுப்பாரும் இல்லை! ஆகவே அங்கே நவஜீவ நிலையத்தில் அவர்களுக்குத் தச்சுவேலை முதலிய கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. இது போவாசின் வழி.

நம் சபைகளிலோ கிறிஸ்துமஸ் காலத்தில் விதவைகளை மேடைக்கு அழைத்து, வரிசையாக நிறுத்தி, சேலை கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறோம். கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார், வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனாலும் நாம் நிற்பது வாசலுக்கு வெளியேயா, உள்ளேயா? வரும் கிறிஸ்துமசுக்கு முன் உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இதைப் பேசிப் பாருங்கள். அந்தத் தாய்மாரைக் கடைக்கு அழைத்துப்போனால் என்ன? நிறத்தை அவர்களே தெரிந்துகொள்ளட்டும். வெள்ளைதான் வேண்டும் என்று யார் சொன்னது?